ஒரு நாளில் விளைந்த இசைத்தட்டு: பீற்றில்ஸ் குழுவினரின் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பு ஒன்று எவ்வாறு தோன்றியது என்ற வினாவும், அது எத்தகைய பெறுமதி உடையது என்ற வினாவும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையன. ஆயினும் அவை ஒன்றல்ல. எமது விமர்சனச் சூழலிலே இவ்விரு வினாக்களும் பல வேளைகளில் ஒன்றாகவே மயங்கி வந்துள்ளன. ஒரு படைப்பு விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்று காட்டிவிட்டால் அதன் தரம் பற்றிய தீர்ப்பும் வழங்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளும் மனப்பாங்கு எம்மிடையே வலுவாக உண்டு. மேலைநாட்டு வெகுசன இசை பற்றி எழுதப் புகுந்துள்ளேன் என்று அறிந்த நண்பர் ஒருவர், “அது வியாபாரம்; அதிலே விமர்சிப்பதற்கு என்ன இருக்கிறது?” என வினவினார். அவ்வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. அதற்கு நேர்மையாக விடை காண விரும்பின், வியாபார நோக்கம் ஒளிவுமறைவின்றித் தெரியும் ஒரு படைப்பையே எடுத்து ஆராய்தல் வேண்டும்.

பீற்றில்ஸ் குழுவினரின் முதலாவது நீளிசைத்தட்டான ‘பிளீஸ் பிளீஸ் மீ’ அத்தகையதொன்றாகும். 1963 மார்ச் 22 ஆந் திகதி இங்கிலாந்தில் வெளிவந்த இத்தட்டின் உறையே அதன் பிறப்பு இரகசியத்தைக் கூறிவிடுகின்றது. அப்போது புகழடைந்திருந்த பாடலின் பெயர் தட்டின் பெயராகப் பெரிய எழுத்திற் காணப்படும். அதன் கீழே, அதற்கு முன்னர் வெளிவந்த ‘லவ் மீ டூ’ என்ற பாடலும் வேறு பன்னிரண்டு பாடல்களும் உள்ளே உண்டு என்ற அறிவித்தல் இடம்பெறும். கடைக்காரர் தம் சரக்கை வரிசைப்படுத்திக் கூறுவது போன்ற இவ்வுறையிற் கலைக்கோட்பாடு எதுவும் இல்லை. வெற்றி பெற்ற ஒரு பாடலைச் சுற்றிக் கட்டப்பட்ட விற்பனைப் பொருள் இது. இவ்வாறு தோன்றிய தட்டு, அத்தோற்றத்தை எவ்வளவுக்கு மீறியது, எவ்விடங்களில் அதற்குப் பணிந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெற்றிப் பாடல்

குழுவின் நால்வரும் லிவர்பூல் துறைமுக நகரத்தைச் சேர்ந்தவர்கள். ஜோர்ஜ் ஹரிசனின் தந்தை பஸ் சாரதி. போல் மக்கார்ட்னியின் தந்தை பருத்தி வணிக நிலையமொன்றில் விற்பனையாளர், தாய் மருத்துவத் தாதி. றிங்கோ ஸ்ரார் டிங்கிள் என்னும் வறிய பகுதியிற் பிறந்தவர். ஜோன் லெனன் மாத்திரம் ஓரளவு வசதியான புறநகர்ப் பகுதியிலே தம் பெரிய தாயாரின் வீட்டில் வளர்ந்தவர். 1962 இன் தொடக்கத்தில் டெக்கா நிறுவனத்தினர் இவர்களைச் சோதித்துப் பார்த்து வேண்டாமென விட்டனர். ஈற்றில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கிளைகளுள் ஒன்றான பார்லபோனில், ஜோர்ஜ் மாட்டின் என்ற தயாரிப்பாளர் இவர்களை ஏற்றுக்கொண்டார். மேலைத்தேயச் செந்நெறி இசையிற் பயின்றவரான மாட்டின், அதுவரை நகைச்சுவைத் தட்டுகள் பலவற்றைத் தயாரித்துப் பெயர்பெற்றிருந்தார்.

அந்நாளைய நடைமுறைப்படி பாடகர் வேறு, பாடலாக்குவோர் வேறு. மிற்ச் மறே என்பவர் இயற்றிய ‘ஹவ் டூ யூ டூ இற்’ என்ற பாடலையே மாட்டின் இவர்களுக்கென முதலிலே தெரிந்தெடுத்தார். 1962 செப்ரெம்பரில் இவர்கள் அதனைப் பாடிப் பதிவு செய்தனர். ஆயினும் தம் சொந்தப் பாடலையே வெளியிட வேண்டுமென வற்புறுத்தினர். மாட்டினின் வியாபாரக் கணிப்புப் பிழைக்கவில்லை. அதே பாடலை ஜெரி அன்ட் த பேஸ்மேக்கேர்ஸ் என்ற மற்றொரு லிவர்பூல் குழுவினர் 1963 இல் வெளியிட்டபோது அது பட்டியலில் முதலிடத்தை எய்தியது. கையெட்டும் தூரத்திலிருந்த வெற்றியொன்றைத் தம் பாடல்களுக்காக இவ்விளைஞர்கள் விட்டுக்கொடுத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் வெளியிட்ட ‘லவ் மீ டூ’ 17 ஆம் இடத்தோடு நின்றது.

அடுத்து வந்ததே ‘பிளீஸ் பிளீஸ் மீ’. லெனன் இதனை றோய் ஓர்பிசனின் பாணியில், மெதுவாக ஏங்கிப் பாடும் பாடலாகவே முதலில் அமைத்தார். இவ்வேகத்தில் இது சோர்வு தருகின்றது, விரைவுபடுத்துக என்று கூறியவர் மாட்டின். இங்கு தயாரிப்பாளரின் சொல்லைச் சந்தையின் சொல் எனக் கொள்வது எளிது. ஆனால் பாடலைக் கேட்போர்க்கு வேறொன்றும் புலனாகும். மெதுவாகப் பாடப்பட்டிருப்பின் இது தன்னிரக்கமாகவே எஞ்சியிருக்கும். வேகம் கூடியதும் இரத்தல் கோருதலாக மாறிவிடுகின்றது. மௌத் ஓர்கன் இசையுடன் தொடங்கும் பாடலில், மக்கார்ட்னியின் குரல் மேலே ஒரே சுரத்தைப் பற்றி நிற்க, லெனனின் குரல் அதனை விட்டுப் படிப்படியாகக் கீழிறங்குகின்றது. அமெரிக்கச் சகோதரர்களான எவர்லி இருவரிடமிருந்து கற்ற உத்தி இது. பின்னர் முன்பாடகர் அழைக்க ஏனையோர் விடை கூறும் முறையிலே குரல்கள் ஒன்றன்மேலொன்றாக ஏறிச் செல்கின்றன. இரண்டே நிமிடங்களுக்குள் இவையனைத்தும் நிகழ்ந்து முடிகின்றன. 1963 ஜனவரி 11 இல் வெளிவந்த இத்தட்டு பெரும்பாலான விற்பனைப் பட்டியல்களில் முதலிடம் பெற்றது. சந்தைக்காகச் செய்யப்பட்ட ஒரு மாற்றம் பாடலின் உணர்வையே கூர்மைப்படுத்தியது என்பதை முதலாவது சான்றாக இங்கு குறித்துக்கொள்ளலாம்.

பத்து மணி நேரம்

வெற்றிப் பாடல் மறக்கப்படுவதற்குமுன் அதன் பெயரில் நீளிசைத்தட்டு ஒன்றை விற்றுவிட வேண்டும் என்பதே அடுத்த கட்டம். இரு சிறுதட்டுகளிலும் வெளிவந்திருந்த நான்கு பாடல்கள் கைவசம் இருந்தன. பதினான்கு பாடல்கள் கொண்ட தட்டுக்கு மேலும் பத்துத் தேவைப்பட்டன. லிவர்பூலிலே குழுவினர் வழமையாகப் பாடிவந்த கவேர்ண் என்ற நிலவறைக் கழகத்தில், இரசிகர் முன்னிலையிலேயே ஒலிப்பதிவு செய்யலாமா என மாட்டின் முதலில் எண்ணினார். அவ்விடம் ஒலிப்பதிவுக்கு உகந்ததன்று என்று கண்டதும், மேடையில் வழமையாகப் பாடுவனவற்றை அவ்வாறே வந்து பாடுக எனக் குழுவினரை லண்டனுக்கு அழைத்தார்.

1963 பெப்ரவரி 11 ஆந் திகதி காலை பத்து மணிக்கு, அபி றோட்டிலிருந்த ஈ.எம்.ஐ. கலையகத்தில் வேலை தொடங்கியது. இரவு பத்தேமுக்கால் மணிக்கு முடிந்தது. இடைவேளைகளை நீக்கிவிட்டால் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பத்துப் பாடல்களும் பதிவாயின. மதிய இடைவேளையிலும் இளைஞர்கள் பால் அருந்திக்கொண்டு ஒத்திகை பார்த்தனர் என்பர். இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடாவிலே, வாத்தியங்கள் ஒரு தடத்திலும் குரல்கள் மற்றதிலுமாகப் பதிவு செய்யப்பட்டன. முழு வேலைக்குமான செலவு ஏறத்தாழ 400 பவுண் என்று மாட்டின் பின்னர் கூறியுள்ளார்.

இவ்வேகத்தை இளமையின் துடிப்பு என்று வியந்து பாராட்டுவோர் உளர். அவ்வாறு வியப்பதற்குமுன், இவ்வேகம் யாருடைய தேவை என்று வினவுதல் தகும். புதிய குழுவொன்றின்மீது அதிகம் செலவிட நிறுவனம் ஆயத்தமாக இருக்கவில்லை. குழுவினருக்குக் கிடைத்த உரிமைப்பங்கோ, இரு பக்கச் சிறுதட்டு ஒன்றுக்கு ஒரு பென்னி மாத்திரமே. அதனையும் நால்வரும் முகாமையாளர் பிறையன் எப்ஸ்ரைனும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. எனவே வேகம் என்பது முதலில் ஒரு பொருளாதார நிபந்தனையாகும்.

ஆனால் அந்நிபந்தனையை நிறைவேற்றும் ஆற்றலை நிறுவனம் வழங்கவில்லை. 1960 ஓகஸ்ற் முதல் 1962 டிசெம்பர் வரை ஐந்து தடவைகள் இக்குழுவினர் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்துக்குச் சென்று, இரவு விடுதிகளிலே மணிக்கணக்காகப் பாடி உழைத்தனர். கடைசிப் பயணங்களின் போதே றிங்கோ ஸ்ரார் குழுவில் இருந்தார் எனினும், அவரும் வேறொரு குழுவினருடன் அதே விடுதிகளில் உழைத்தவரே. கவேர்ண் கழகத்தில் மாத்திரம் ஏறத்தாழ முந்நூறு தடவைகள் பீற்றில்ஸ் குழுவினர் மேடையேறினர். கலையகத்தில் மீண்டும் மீண்டும் பாடித் திருத்துவதற்கு நேரமில்லாத நிலையில், மேடையில் உறைந்திருந்த இவ்வுழைப்பே அவர்களுக்குக் கைகொடுத்தது. நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது பத்து மணி நேரத்தை. அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பின் விளைவு. இத்தட்டின் பெறுமதியையும் அதிலுள்ள சுரண்டலையும் ஒருங்கே விளக்குவது இவ்வுண்மைதான்.

வரிசையும் குரலும்

தட்டை முழுமையாகக் கேட்குமிடத்து, பாடல்களின் வரிசையமைப்பு முதலிற் கவனத்தை ஈர்க்கின்றது. பெயர் தந்த வெற்றிப் பாடல் தொடக்கத்தில் இல்லை. முதற் பக்கத்தின் ஈற்றிலே உள்ளது. ‘லவ் மீ டூ’ இரண்டாம் பக்கத்தைத் தொடக்கிவைக்கின்றது. ஏலவே வெளிவந்த நான்கு பாடல்களும் இவ்வாறு தட்டின் நடுவிலே, பக்கம் திருப்பும் இடத்தின் இரு புறமும் வைக்கப்பட்டுள்ளன. வாயிலிலும் முடிவிலும் நிற்பவை அன்றைய ஒருநாள் உழைப்பில் விளைந்தவையே. வெற்றிப் பாடலுக்காகத் தட்டை வாங்கியவர், அதனை அடையுமுன் அறிமுகமற்ற பாடல்கள் பலவற்றைக் கேட்க நேர்கின்றது.

தொடக்கப் பாடலான ‘ஐ சோ ஹேர் ஸ்ராண்டிங் தெயர்’, மக்கார்ட்னி உரத்த குரலில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவதுடன் ஆரம்பிக்கின்றது. நாம் ஒரு நடன மண்டபத்தினுள் நிற்கின்றோம் என்ற உணர்வு அந்த எண்ணிக்கையாலேயே உண்டாகிவிடுகின்றது. இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. அவ்வெண்ணிக்கை ஒன்பதாவது பதிவு முயற்சியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு முதலாவது முயற்சியுடன் ஒட்டப்பட்டதாகும். நேரடி நிகழ்ச்சி போன்ற தோற்றமும் ஓரளவுக்குக் கலையகத்தில் உருவாக்கப்பட்டதே. பாடலின் பாஸ் கிற்றார் ஓட்டம் சக் பெரியின் பாடலொன்றிலிருந்து பெற்றதென மக்கார்ட்னியே பின்னர் ஒப்புக்கொண்டுள்ளார். எனினும் ஒட்டுவேலையும் கடனும் அப்பாடலின் உயிர்ப்பைக் குறைத்துவிடவில்லை.

‘தெயர்ஸ் எ பிளேஸ்’ என்ற பாடல் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. துயருறும் ஒருவன் புகலிடம் தேடிச் செல்வது காதலியின் அணைப்புக்கன்று. தன் மனத்துக்குள்ளேயே செல்கின்றான். இத்துறைப் பாடல்களிலே மிக அரிதாகக் காணப்பட்ட இவ்வகநோக்கு, லெனனின் பிற்காலப் பாடல்களில் விரிந்து வளர்ந்தது. அதன் வித்து, அவசர அவசரமாக நிரப்பப்பட்ட இத்தட்டின் கடைசிக்கு முந்திய இடத்திலே கிடக்கின்றது.

தளர்வான இடங்களும் உள. ‘எ ரேஸ்ற் ஒவ் ஹணி’ மேடை நாடகமொன்றோடு தொடர்புடைய பாடல். மக்கார்ட்னியின் குரல் இதில் இரட்டித்துப் பதிவு செய்யப்பட்டுள்ளது. பெற்றோரையும் திருப்திப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் இதிலே தெரிகின்றது; குழுவின் இயல்பான குரல் தெரியவில்லை. ‘பீ.எஸ். ஐ லவ் யூ’ கடித உத்தியை நம்பி நிற்கும் மெல்லிய பாடல். ‘மிசரி’ துயரைச் சொல்லுகின்றது. மெட்டோ துயரை அறியாதது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஹெலன் சப்பீரோ என்ற இளம் பாடகிக்கெனப் புனையப்பட்டு, அவர் தரப்பினரால் ஏற்கப்படாது போனது அது. இவ்விடங்களில் வியாபாரத் தேவை பாடலை வென்றுள்ளது என்றே கூறவேண்டும்.

இறுதிப் பாடலோ இவையனைத்தையும் மறக்கச் செய்துவிடுகின்றது. அன்று லெனனுக்குக் கடுந் தடிமன். பகல் முழுவதும் பாலையும் தொண்டைக்கான இனிப்புவில்லைகளையும் கொண்டே சமாளித்தார். ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுற்’ பாடுவோரின் தொண்டையைக் கிழித்துவிடும் என்பதை மாட்டின் அறிந்திருந்தார். அதனாலேயே அதனை ஈற்றுக்கு ஒதுக்கிவைத்தார். இரவு பத்து மணியளவில் லெனன் அதனைப் பாடினார். முதன் முயற்சியே தட்டில் இடம்பெற்றது. இரண்டாவது முயற்சியின்போது குரல் எஞ்சியிருக்கவில்லை. நாம் கேட்பது அழகிய குரலன்று. களைத்து, கரகரத்து, ஆயினும் தளராத குரல். ஒரு மனித உடல் பகல் முழுவதும் உழைத்த உழைப்பு அக்குரலிலே செவிக்குப் புலனாகின்றது.

ஒரு தடை

இவ்விடத்திலே ஜேர்மன் சிந்தனையாளரான தியடோர் அடோர்னோவின் கருத்தை எதிர்கொள்ளுதல் வேண்டும். 1941 இல் வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரையிலே, அவ்விசை அச்சிலே வார்த்த பொருள் போன்றது என அவர் வாதிட்டார். ஓர் உறுப்பை நீக்கி மற்றொன்றை வைத்தாலும் முழுமைக்கு ஊறு நேராது. உறுப்புகள் முழுமையிலிருந்து பொருள் பெறுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் கூறியது தனிப் பாடலின் அமைப்பைப் பற்றியதாயினும் நீளிசைத்தட்டுக்கும் அது பொருந்தக்கூடியதே.

வரலாறு இவ்வாதத்துக்கு வலுவூட்டும் சான்றொன்றையும் தருகின்றது. அமெரிக்காவின் வீ-ஜே நிறுவனம் 1964 ஜனவரியில் இத்தட்டை வேறு பெயரில் வெளியிட்டபோது, பெயர் தந்த வெற்றிப் பாடலையே நீக்கிவிட்டது. சில வாரங்களில், பதிப்புரிமைப் பிணக்குக் காரணமாக ‘லவ் மீ டூ’வையும் அதன் துணைப்பாடலையும் அகற்றி, முன்னர் நீக்கியவற்றை மீண்டும் சேர்த்தது. இயந்திர உறுப்புகளைக் கழற்றிப் பூட்டுவதுபோற் பாடல்கள் மாற்றப்பட்டன. அடோர்னோ கூறியது இதுவன்றி வேறு யாது?

ஆயினும் வீ-ஜே நிறுவனத்தாராலும் அசைக்க முடியாத ஒன்றுண்டு. ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுற்’ பாடலின் கரகரத்த குரல் அன்றைய நாளின் முழுமையிலிருந்தே பிறந்தது. காலையில் முதலிலே பாடப்பட்டிருப்பின் அது வேறு பாடலாக இருந்திருக்கும். முன்னர் பாடிய ஒன்பது பாடல்களும் பத்தாவதன் ஒலியினுள் இருக்கின்றன. ஓர் உறுப்பு முழுமையிலிருந்து பொருள் பெறுதல் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடுதல் அரிது. அடோர்னோ ஏட்டில் எழுதப்படும் இசையமைப்பிலேயே முழுமையைத் தேடினார். நிகழ்த்துகையிலும் உழைப்பின் கால ஓட்டத்திலும் ஒரு முழுமை உண்டாகலாம் என்பதற்கு அவர் போதிய இடமளிக்கவில்லை. றொக் அன்ட் றோல் இசையைத் தாளிலே தேடுவோர் அதன் பெரும் பகுதியை இழந்துவிடுவர்.

கடன்

பாராட்டோடு மாத்திரம் கட்டுரையை முடித்தல் முறையன்று. பதினான்கு பாடல்களுள் எட்டு இவர்களின் சொந்த ஆக்கங்கள், ஆறு பிறருடையவை. அவ்வாறில் ஐந்து, கறுப்பின அமெரிக்கக் கலைஞர்களின் தட்டுகள் மூலம் இவர்களை வந்தடைந்தவை. ‘போய்ஸ்’, ‘பேபி இற்ஸ் யூ’ ஆகிய இரண்டும் ஷிறெல்ஸ் பெண்கள் குழுவினரும், ‘செயின்ஸ்’ குக்கீஸ் குழுவினரும், ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுற்’ ஐஸ்லி சகோதரர்களும் பாடியவை. ‘அனா’ பாடலை இயற்றிப் பாடியவர் அலபாமாவைச் சேர்ந்த ஆதர் அலெக்சாண்டர். நால்வரும் இக்கடனை மறைத்தவர்களல்லர். தமக்கு முன்னோடிகளான கறுப்பினக் கலைஞரைப் பலமுறை போற்றியுள்ளனர். ஆனால் போற்றுதல் வேறு, பங்கு வேறு. பீற்றில்ஸின் தட்டு பிரித்தானிய நீளிசைத்தட்டுப் பட்டியலிலே 1963 மே முதல் தொடர்ந்து 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதனை அகற்றியதும் அவர்களது இரண்டாவது தட்டே. ஆதர் அலெக்சாண்டரோ பின்னாளில் இசைத்துறையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் பஸ் சாரதியாக வேலை செய்தார். 1993 இல் மீண்டும் ஒரு தட்டை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே காலமானார்.

பாடலாக்கியோர் இருவரும் தம் உழைப்புக்கு முழு உரிமையாளராக இருந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. அம்மாதத்திலேயே அவர்களின் பாடல்களுக்கென ‘நோர்தேர்ண் சோங்ஸ்’ என்ற பதிப்புரிமைக் கம்பனி அமைக்கப்பட்டது. அதன் பங்குகளிற் பாதி பதிப்பாளர் தரப்பிடமே இருந்தது. 1969 இல் அதன் கட்டுப்பாடு வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றபோது, தம் பாடல்களைத் தாமே மீட்க அவர்களால் இயலவில்லை. உலகப் புகழ்பெற்றோரின் நிலையே இதுவாயின், அலெக்சாண்டர் போன்றோரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

முடிவுரை

நண்பரின் வினாவுக்கு இப்போது மீளலாம். ‘பிளீஸ் பிளீஸ் மீ’ வியாபாரந்தான். அதன் பெயர், காலம், வேகம், உறை யாவற்றையும் சந்தையே தீர்மானித்தது. எனினும் சந்தை தீர்மானிக்காத ஒன்றும் அதனுள்ளே புகுந்துகொண்டது. அது வானத்திலிருந்து இறங்கிய மேதைமையன்று. ஹம்பேர்க் இரவுகளிலும் லிவர்பூல் நிலவறையிலும் சேர்ந்த கூட்டு உழைப்பு. அதற்கும் அப்பால், கடல்கடந்த கறுப்பினப் பாடகரின் உழைப்பு. வியாபாரம் என்று கூறி ஒதுக்குவோர், நிறுவனத்தின் கணக்கேட்டை வாசித்துவிட்டு உழைத்தவரின் குரலைக் கேளாது போகின்றனர். மேதைமை என்று போற்றுவோரோ, குரலைக் கேட்டுவிட்டுக் கணக்கேட்டை மூடிவைக்கின்றனர். இரு சாராரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: உழைப்பு இரு சாரார் கண்ணிலும் படுவதில்லை.

வெகுசனக் கலை எதனை ஆராயினும் கணக்கேட்டையும் குரலையும் ஒருசேர எடுத்துக்கொள்ளும் விமர்சனமே எமக்கு வேண்டற்பாலது. எப்பாடலில் சந்தை வென்றது, எப்பாடலில் பாடுவோர் வென்றனர் என்பதைப் பாடல் பாடலாகக் கேட்டே கூற முடியும். கேளாமலே வழங்கப்படும் தீர்ப்பு எவ்வளவு முற்போக்கான சொற்களால் அமைந்தாலும் விமர்சனம் ஆகாது. இத்தட்டைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது: பதினான்கு பாடல்களுள் நான்கு அல்லது ஐந்து மறக்கப்படலாம், ஏனையவை நிற்கும். இரவு பத்து மணிக்குக் கரகரத்த ஒரு தொண்டையிலிருந்து எழுந்த அந்த இறுதிப் பாடல், பெயர் தந்த வெற்றிப் பாடலையும் விஞ்சி நிற்கும்.